கோளாறு எப்போது வருகிறது?

மோட்டார் வண்டி ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர், வலது காலால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டுவதாகவே எண்ணியிருக்கிறார்கள். பெட்ரோல் எஞ்சினைப் பொறுத்தவரை அந்த எண்ணம் சரியன்று. அந்த மிதி திறந்துவிடுவது காற்றை. எஞ்சினுக்குக் காற்றுச் செல்லும் வழியின் நடுவே, ஓர் அச்சில் திரும்பும்படி பொருத்திய வட்டமான தகடு ஒன்று இருக்கிறது, அதுதான் த்ராட்டில். மிதியை அழுத்த அழுத்தத் தகடு திரும்பி வழிவிடுகிறது. உள்ளே பாய்ந்த காற்று எவ்வளவு என்று கண்டு, அதற்குத் தக்க பெட்ரோலைச் சேர்ப்பது வேறொரு சாதனத்தின் பொறுப்பு. டீசல் எஞ்சினில்தான் மிதி எரிபொருளின் அளவை ஆளுகிறது. இந்தப் பேதத்தை மனத்தில் வாங்கிக்கொண்டவருக்கு, பெட்ரோல் வண்டியில் இழுவை குறைவதற்கும், சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் தானாக அணைந்து போவதற்கும் காரணம் தேடும் வழி பாதி திறந்துவிட்டது என்றே சொல்லலாம்.

ஓர் எடைப் பெட்ரோல் மிச்சமின்றி எரிவதற்கு அதைப்போல 14.7 மடங்கு எடையுள்ள காற்று வேண்டும். எடையில் சொன்னால் இது சிறிய எண்ணாகத் தோன்றும். கனஅளவில் சொன்னால்தான் இதன் பிரமாணம் விளங்கும். ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க எஞ்சின் ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. இந்த விகிதத்தில் பெட்ரோல் குறைந்தால் கலவை ‘லீன்’ என்றும், மிகுந்தால் ‘ரிச்’ என்றும் பட்டறைகளில் சொல்லுகிறார்கள். லீன் ஆனால் எஞ்சின் திணறும், வெட்டி வெட்டி ஓடும், அளவுக்கு மீறிச் சூடேறும். ரிச் ஆனால் கரும்புகை வரும், பெட்ரோல் வாடை அடிக்கும், மைலேஜ் விழும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்த்தால் வெளிர்பழுப்பாக இருப்பது ஆரோக்கியத்தின் அடையாளம். சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. விரலில் ஒட்டும் கரி படிந்திருந்தால் மிஞ்சிப்போயிருக்கிறது. ஐட்லிங் நிற்கவில்லை, பிக்கப் இல்லை, ஜெர்க் அடிக்கிறது, மேட்டில் மிஸ் ஆகிறது என்று வண்டிக்காரர்கள் எத்தனை விதமாகச் சொன்னாலும், அவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு விகிதம் பிசகியதன் விளைவே.

இந்த விகிதத்தைக் காக்கும் பொறுப்பு நெடுங்காலம் கார்பரேட்டரிடம் இருந்தது. 1893-ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக் வகுத்த தெளிப்பு முறையின் தத்துவமே பின்வந்தவை எல்லாவற்றுக்கும் அடிப்படை: குறுகிய கழுத்து ஒன்றின் வழியே காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது; அந்தக் குறைவே பக்கத்துத் தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுத்துத் துளிகளாகச் சிதறடிக்கிறது. நம் நாட்டில் அம்பாஸடர் கார் ஓடிய காலத்தில், அதன் எஸ்.யூ. கார்பரேட்டரைச் சரிபார்க்க மெக்கானிக்குகள் கையாண்ட ஒரு சோதனையை நினைத்தால் இன்றும் வியப்பே மேலிடுகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி மெதுவாக ஓடிக்கொண்டிருக்கையில், கார்பரேட்டரின் அடிப்பக்கத்திலுள்ள சிறு ஊசியை விரலால் அழுத்தி, உள்ளே மிதக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மேலே தூக்குவார்கள். எஞ்சினின் வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை ரிச். வேகம் சரிந்து அணையப் பார்த்தால் லீன். ஒரு கணம் லேசாகக் கூடிப் பழைய நிலைக்கே திரும்பினால் சரியான அளவு. மீட்டரும் இல்லை, மின்சாரமும் இல்லை. காரணத்தைச் சற்றே அசைத்துக் காரியம் எந்தத் திசையில் நகர்கிறது என்று காதால் கேட்டு நிர்ணயிக்கும் முறை இது. பரிசோதனை என்ற சொல்லுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணத்தை விஞ்ஞானக் கூடங்களிலும் எளிதில் காண முடியாது என்பது என் அபிப்பிராயம்.

கார்பரேட்டருக்குக் கைகூடாத காரியங்களும் இருந்தன. மேட்டுப்பாளையத்திலிருந்து கடல்மட்டத்துக்கு 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்கு ஏறும் வண்டிக்கு, மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. ஆனால் கார்பரேட்டர் அந்த மெலிவை முழுமையாக அறிந்துகொள்வதில்லையாதலால் பெட்ரோலைப் போதிய அளவு குறைப்பதில்லை. கீழே செம்மையாக ஓடிய வண்டி மேலே கரும்புகை விடுவதற்கு அதுவே காரணம். கோடையில் எஞ்சின் வெக்கையால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியை இழுத்துக்கொண்டு தவிப்பதும் உண்டு. அந்நாளில் நெடுஞ்சாலை ஓரங்களில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிக் காத்திருந்த டிரைவர்களைக் கண்டவர்கள் பலர் இருப்பார்கள். அது நாட்டு வைத்தியம்போல் தோன்றினாலும் முற்றிலும் சாஸ்திர சம்மதமான சிகிச்சை.

இக்குறைகளைக் கடக்கவே, பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை வந்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-இல் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் மின்னணு இன்ஜெக்‌ஷனைப் பெருவாரியான உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 1976-இல் வோல்வோ காரின் புகைபோக்கியில், எரிந்த வாயுவில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று முகர்ந்து சொல்லும் சென்சார் ஒன்று முதன்முதலாக இடம்பெற்றது. அந்தச் சென்சாரே இன்றைய எஞ்சினின் நாசி. கலவை ரிச் ஆனால் ஏறத்தாழ 0.9 வோல்ட்டும், லீன் ஆனால் 0.1 வோல்ட்டும் அது காட்டும். வண்டியின் கம்ப்யூட்டர் அதைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருக்கும். தான் வகுத்த கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் கூட்டவோ குறைக்கவோ நேர்ந்தது என்பதைக் கம்ப்யூட்டர் குறித்தும் வைக்கிறது. மெக்கானிக்குகள் இதை ‘ஃபியூயல் ட்ரிம்’ என்கிறார்கள். இந்த எண் 10 சதவீதத்துக்குள் ஏறி இறங்குவது சகஜம். 20, 25 என்று ஏறினால் எங்கோ பிழை இருக்கிறது என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டி, டாஷ்போர்டில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கை ஏற்றிவிடுகிறது.

சாதாரண மக்கள் பணத்தை இழப்பது இந்த விளக்கு எரிந்த இடத்தில்தான். ஸ்டியரிங்கின் கீழே ஒளிந்திருக்கும் 16 முனைகள் கொண்ட சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகியதும், ‘பி 0171’ என்பதுபோல் ‘கோடு’ எனப்படும் குறியீடு ஒன்று வருகிறது. கலவை லீன் என்பதே அதன் பொருள். அதற்குமேல் ஓர் எழுத்தும் அதில் இல்லை. ஆயினும், அந்தக் கோட்டைக் கண்ட மாத்திரத்தில் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடும் பட்டறைகள் ஊர்தோறும் இருக்கின்றன. காய்ச்சலைக் காட்டிய வெப்பமானியை மாற்றினால் காய்ச்சல் இறங்குமா? சென்சார் தன் கடமையைச் செவ்வனே செய்ததனால்தான் அந்தக் கோடு வந்தது. ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதிய சென்சார் போட்ட பின்னும், சில நாளில் அதே விளக்கு எரிகையில், வண்டிக்காரர் தம் விதியை நொந்துகொள்கிறார். அவர் நொந்துகொள்ள வேண்டியதில்லை. கேட்கப்பட வேண்டிய கேள்வி கேட்கப்படாமல் போயிற்று என்பதே உண்மை. கோளாறு என்ன என்று கேட்பதற்கு முன்னால், அது எப்போது வருகிறது என்று கேட்க வேண்டும்.

சேலத்தில் ஒரு பட்டறையில் இதைப் பிரத்தியட்சமாகக் கண்டேன். அறுபதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர் அதை நடத்துகிறார். கார்பரேட்டர் காலத்தில் தொழில் கற்று, ஸ்கேனர் காலத்துக்கும் தம்மைத் தயார்செய்துகொண்டவர். அன்று அங்கே நின்ற இரண்டு கார்களிலும் அதே பி 0171 கோடுதான் வந்திருந்தது. முதல் கார் ஒரு பள்ளி ஆசிரியருடையது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் நடுங்குகிறது, சில சமயம் நின்றே போகிறது. பைபாஸில் ஏறிவிட்டால் ஒரு குறையும் இல்லை என்றார் அவர். இரண்டாவது கார் ஏற்காட்டில் காப்பி வியாபாரம் செய்பவருடையது. ஊருக்குள் பூப்போல ஓடுகிறதாம். 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த மலைப்பாதையில் ஏற ஆரம்பித்தால்தான் மூச்சுத் திணறுகிறதாம்.

“ரெண்டுக்கும் ஒரே கோடு சார், ஆனா ரெண்டும் ஒரே நோய் இல்ல. இவரு வண்டிக்குக் காத்து கூடுது, அவரு வண்டிக்குப் பெட்ரோல் குறையுது” என்று, எந்தக் கருவியையும் கையில் எடுக்கும் முன்பே மெக்கானிக் சொல்லிவிட்டார்.

அந்த அநுமானத்தின் பின்னே இருக்கும் நியாயம் அழகானது. த்ராட்டில் தகடு ஏறத்தாழ மூடியிருக்கும் ஐட்லிங் நிலையில், எஞ்சின் உறிஞ்சும் காற்று வெகு சொற்பம். தகட்டுக்குப் பின்னால், மேனிஃபோல்டில், நல்ல எஞ்சினுக்கு 18 முதல் 20 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் நிலவும். அங்கே ஒரு ரப்பர்க் குழாயில் கீறல் விழுந்தால், கணக்கில் சேராத காற்று அதன் வழியே சீறிக்கொண்டு உள்ளே புகும். மொத்தக் காற்றே சொற்பமாக இருக்கும் நேரத்தில் அந்தத் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது. த்ராட்டில் திறந்து காற்று வெள்ளமாகப் பாயும்போது வெற்றிடமும் குறைகிறது, கீறல் வழியே வருவதும் கடலில் கரைத்த பெருங்காயமாகிவிடுகிறது. ஆசிரியரின் வண்டியில் ஐட்லிங்கில் ட்ரிம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றது. எஞ்சினை 2,500 சுற்றுக்கு உயர்த்தியதும் மளமளவென்று இறங்கிச் சாதாரண அளவுக்கு வந்துவிட்டது. கீறல் எங்கே என்பதே மிச்சமிருந்த கேள்வி.

மெக்கானிக் ஒரு முழ நீள ரப்பர் டியூபை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையை எஞ்சினின் மேலும் பக்கங்களிலும் மெதுவாக நகர்த்தினார். மேனிஃபோல்டின் அடியில், எஞ்சின் எண்ணெய் ஆவியை மீண்டும் உள்ளே கொண்டுவரும் குழாயின் வளைவருகே கை நின்றது. “தம்பி, பிளையரக் குடு” என்று வாங்கி, முனைகளில் துணி சுற்றி, அந்தக் குழாயை அழுத்திப் பிடித்தார். நடுங்கிக்கொண்டிருந்த எஞ்சின் அந்தக் கணமே சீரானது. பிடியைத் தளர்த்தினார், நடுக்கம் திரும்ப வந்தது. கழற்றிப் பார்த்தபோது மேற்புறம் புதிதுபோல் இருந்த ரப்பர், அடிப்புற வளைவில் நகத்தின் நீளத்துக்கு வெடித்திருந்தது; எண்ணெய் ஊறி ஊறி, தொட்டால் பிசுபிசுத்தது. கண்ணால் மட்டும் தேடியவர் எவருக்கும் அது அகப்பட்டிராது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். உள்ளே வரும் காற்றை நேரே அளக்கும் கருவி பொருத்திய வண்டிகளுக்கே இந்த லட்சணம் முழுமையாகப் பொருந்தும். நம் நாட்டுச் சிறிய கார்கள் பலவற்றில் அதற்குப் பதிலாக மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. அவற்றில் கீறல் வழியே வந்த காற்றும் கணக்கில் சேர்ந்துவிடுவதால், கலவை அதிகம் கெடாமல், ஐட்லிங் வேகம் மட்டும் வேண்டாத உயரத்துக்கு ஏறி நிற்பதே பெரும்பாலும் அடையாளம்.

காப்பி வியாபாரியின் காருக்கு வேறு வழி. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் 3 முதல் 4 பார் அழுத்தத்தில் வர வேண்டும். பழைய கார்பரேட்டர் பம்ப் தந்தது இதில் பத்தில் ஒரு பங்கு அளவே. மேடேறும்போது எஞ்சின் கேட்கும் பெட்ரோலின் அளவு பன்மடங்கு கூடுகிறது. ஃபில்டர் அடைத்திருந்தாலோ பம்ப் தளர்ந்திருந்தாலோ, சமதரையில் ஒளிந்திருந்த பலவீனம் அங்கே வெளிப்பட்டுவிடும். மெக்கானிக் பெட்ரோல் குழாயில் பிரஷர் கேஜை இணைத்து, அதன் நீண்ட ஹோஸை பானட்டின் இடுக்கு வழியே வெளியே எடுத்து, முகப்பை வைப்பரின் கீழே செருகிக் கட்டி, உட்கார்ந்தபடியே முள்ளைப் பார்க்கும்படி செய்துகொண்டு மலையடிவாரம்வரை ஓட்டிப் பார்த்தார். ஏற்றம் தொடங்கியதும் முள் சரிந்தது. பம்பை மாற்றிவிடலாம் என்று வியாபாரி சொன்னபோது, “பொறுங்க ஐயா, பம்புக்குச் சாப்பாடு ஒழுங்கா வருதான்னு பாத்துட்டு மாத்தலாம்” என்று தடுத்தார். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தது. பின்சீட்டின் கீழே பம்பின் இணைப்பில் 11-க்கும் குறைவாகவே இருந்தது. வண்டியின் உடலோடு எர்த் கம்பியை இறுக்கும் போல்ட், மழைத்தண்ணீர் கசிந்து துருவேறிக் கிடந்தது. எமரித் தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி, மீண்டும் இறுக்கினார். மறு ஓட்டத்தில் முள் அசையவில்லை. பம்ப் இன்னும் பழையதேதான். டாங்கியின் உள்ளே இருக்கும் இந்தப் பம்புக்குத் தன்னைச் சூழ்ந்த பெட்ரோலே குளிர்ச்சி தருகிறது. எப்போதும் அடிமட்டத்தில் பெட்ரோல் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் பம்பின் ஆயுளைக் குறைக்கிறார்கள் என்பதையும் அவர் வியாபாரிக்குச் சொல்லியனுப்பினார்.

பெட்ரோல் குழாயில் கைவைக்கும் காரியத்தை மட்டும் அநுபவமில்லாதவர்கள் வீட்டு வாசலில் செய்து பார்க்கலாகாது. அழுத்தத்தை விடுவிக்காமல் இணைப்பைக் கழற்றினால் பெட்ரோல் பீறிட்டுச் சூடான எஞ்சின்மேல் விழும்; நெருப்புக்கு அதற்குமேல் வேறொன்றும் வேண்டாம்.

த்ராட்டில் தகட்டுக்கே வரும் நோய் பெரும்பாலும் அழுக்குதான். எஞ்சினின் உள்ளிருந்து வரும் எண்ணெய் ஆவி, தகட்டின் விளிம்பில் தார்போன்ற கரிய வளையமாகப் படிகிறது. ஐட்லிங்கில் எஞ்சின் சுவாசிப்பதோ தகட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடைவெளியின் வழியே. அது அடைபட அடைபட, கம்ப்யூட்டர் தகட்டைச் சிறிது சிறிதாக அதிகம் திறந்து ஈடுகட்டுகிறது. ஈடுகட்டும் எல்லை முடிந்த பிறகு, ஏ.சி.யைப் போட்டவுடன் வண்டி அணைந்துபோகும். இதற்குச் சிகிச்சை எளிது: அதற்கென விற்கும் திரவத்தில் மிருதுவான துணியை நனைத்து விளிம்பைத் துடைத்தால் போதும். உப்புத்தாளும் ஸ்க்ரூடிரைவரும் அங்கே நுழையக் கூடாது. சாவி போட்ட நிலையில் தகட்டை விரலால் திருப்புவதும் கூடாது; மின்மோட்டாரால் இயங்கும் தகடு விரலை நசுக்கிவிடும். துடைத்த பிறகு ஐட்லிங் சில சமயம் முன்னைவிட உயர்ந்து நிற்கும்; அழுக்குக்கு ஈடாகத் திறந்து பழகிய கம்ப்யூட்டருக்குப் புதிய நிலையைக் கற்பிக்க, அந்தந்தக் கம்பெனி வகுத்த முறை ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கெட்ட பெயர் வாங்கிக்கொள்ளும் மெக்கானிக்குகளுக்காக நான் வருந்துவதுண்டு.

இக்காலத்து வண்டிகளில் மிதிக்கும் தகட்டுக்கும் இடையே கேபிள் கிடையாது. மிதியில் இரண்டு சென்சார்கள், தகட்டில் இரண்டு சென்சார்கள். ஒவ்வோரிடத்திலும் இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி. தகடு மூடியிருக்கையில் அரை வோல்ட்டும், முற்றும் திறக்கையில் நாலரை வோல்ட்டுமாக ஒன்று சொல்லும்போது, மற்றது அதற்கு இசைவான தன் கணக்கைச் சொல்ல வேண்டும். சாட்சிகள் முரண்பட்டால் கம்ப்யூட்டர் எதையும் நம்பாமல், வண்டி மெல்ல ஊர்ந்து ஓரம் சேரும் அளவுக்கே தகட்டை விட்டுவைக்கிறது. இந்த நிலையில் முதலில் பார்க்க வேண்டியது சாக்கெட்டின் ஊசிகளில் ஈரமும் பச்சைக் களிம்பும் இருக்கின்றனவா என்பதை. மிதியைப் பொறுத்தவரை இன்னும் எளிய ஒன்றும் உண்டு. 2009, 2010 ஆண்டுகளில் டொயோட்டா நிறுவனம் தானே வேகமெடுக்கும் வண்டிகள் என்ற புகாரில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தபோது, அமெரிக்க அரசு நாசாவின் பொறியாளர்களைக் கொண்டு மின்னணு அமைப்பை ஆராய்ந்தது. 2011 பிப்ரவரியில் வந்த அறிக்கை, பெரிய அளவில் த்ராட்டில் திறந்துகொள்ளும்படியான மின்னணுக் காரணம் எதுவும் காணப்படவில்லை என்றது. பெடலில் சிக்கும் தரைவிரிப்பும், ஒட்டிக்கொண்டு மீளாத பெடலுமே திரும்ப அழைத்ததற்கு மூலமாயிருந்த இயந்திரக் குறைகள். டிரைவர் காலடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மேட் போடுகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

பெட்ரோலோடு நேர்ச் சம்பந்தமே இல்லாத உறுப்பு பெட்ரோல் கோளாறாக வேஷம் போடுவதும் உண்டு. குளிர்நீரின் சூட்டை அளக்கும் சென்சார் கெட்டு, எஞ்சின் எப்போதும் குளிர்ந்திருப்பதாகவே சொன்னால், கம்ப்யூட்டர் அதை நம்பி மேன்மேலும் பெட்ரோலைப் பொழியும். டாங்கியை நிரப்பிவிட்டுச் சாவி திருப்பும்போது மட்டும் வண்டி கிளம்ப மறுத்தால், டாங்கியின் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது நம் பெட்ரோலின் இயல்பே மாறியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் அறிமுகமான, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இன்று நாடெங்கும் கிடைக்கிறது. எத்தனால் எரிவதற்கு அதன் எடையைப்போல் 9 மடங்கு காற்றே போதும். ஆகவே பழைய அளவில் ஜெட் அமைந்த கார்பரேட்டர் வண்டிகளில் கலவை சற்றே லீன் பக்கம் சாய்கிறது. இன்ஜெக்‌ஷன் வண்டி இதைத் தானே ஓரளவு திருத்திக்கொள்ளும். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர் சிலவற்றை ஊறவைத்துக் கெடுக்கும். டாங்கியில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடைக் கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பவும் கூடும். பழைய வண்டியைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் ஹோஸ்களையும் ஃபில்டரையும் ஒருமுறை மாற்றிவிடுவதும், மாதக்கணக்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைக்காதிருப்பதும் உத்தமம்.

பட்டறைக்குப் போகும் முன் வண்டிக்காரர் கவனித்துவைக்க வேண்டியவை அதிகமில்லை. காலையில் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்னா, நிற்கும்போதா, மேடேறும்போதா, மிதியை அழுத்திய முதல் கணத்திலா, ஏ.சி. போட்டாலா, டாங்கி நிரப்பினாலா, மழைக்குப் பிறகா. இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே அரை நாள் வேலை மிச்சமாகும். பழுது பார்த்த பின், ஐட்லிங்கிலும் 2,500 சுற்றிலும் ட்ரிம் எண் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கேட்பதற்கும் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல மெக்கானிக் அதைச் சந்தோஷமாகக் காட்டுவார். அந்தச் சேலத்துப் பெரியவர் கோட்டை அழித்தவுடன் வண்டியை ஒப்படைப்பதில்லை. அழித்ததும் கம்ப்யூட்டர் தன் பழைய கணக்கையும் மறந்துவிடுவதால், உண்மையான எண் தெரியச் சில மைல்கள் ஓட வேண்டும். கோளாறு வந்த அதே பாதையில், அதே சூட்டில், வண்டியின் சொந்தக்காரரையே ஓட்டச் சொல்லித் தாம் பக்கத்தில் ஸ்கேனரோடு உட்கார்ந்துகொள்கிறார். அந்த ஓட்டம் முடிந்த பிறகே பில் எழுதுகிறார்.